எர்த் கம்பிக்கு ஒரு குடம் தண்ணீர்

மதினி, நேற்று காலையில் உங்கள் மகள் வயரைக் கவ்விப் பிடிக்கிற ஒரு முதலைக் கிளிப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். குட்டிகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவள் ஓடிப்போய் அதைப் பிடுங்கினேன். அவள் உதடெல்லாம் துரு. அண்ணன் பரணிலிருந்து கரண்டு வலையை இறக்கி முற்றத்தில் போட்டிருந்தான். ஒன்றரை வருடமாகச் சுருட்டிக் கிடந்த வலை. உள்ளே எலிப் புழுக்கையும் வைக்கோல் தூசியும் இருந்தன. ஆனால் பிரித்ததும் எழுந்தது செம்மறி வாடைதான். கயிற்றில் ஏறிய அந்த வாடை போகவே இல்லை. "எத்தன சோப்பு போட்டாலும் போக மாட்டுக்குட்டி. எங்கம்மை என்ன மோந்து பாத்துட்டு, ஆடு வந்துட்டுன்னு சொல்லுதா" என்று நீங்கள் சொன்னது அந்த வாடையோடு சேர்ந்தே வந்தது.

கிளிப்பைப் பிடுங்கியதும் உங்கள் மகள் அழுதாள். கட்டிலில் இருந்த அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"குடுத்துருட்டி, வெளையாடட்டும். அவ அம்மை மாட்ட மறந்த கிளிப்புதான அது." பிறகு அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஏ தாயி, ஒங்கம்மை பெரிய மறதிக்காரில்லா! ஏழு ஆட்ட நாய்க்குப் படையல் போட்டுட்டுப் போனவ" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. பேத்தியைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். தாத்தா சிரித்ததும் அவளும் சிரித்தாள். "ம்மை, ம்மை" என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். அவளுக்கு ஒன்றரை வயது ஆகிறது. உங்களைப் பற்றி அவள் காதில் விழும் கதைகளில் முதல் கதை அது. அது பொய் என்று நேற்று காலைவரை தெரிந்த ஒரே ஆள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். கடைசியாக எழுதிய கட்டுரை நோட்டில் மிச்சமிருந்த தாள்கள் இவை. பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அப்பாவின் முழங்காலைத்தான் எல்லாரும் காரணமாகச் சொல்வார்கள். அம்மா இல்லாத வீடு, அண்ணன் வெளியூரில், அப்பாவால் நடக்க முடியாது, ஆடுகளை யார் பார்ப்பது? எல்லாம் உண்மைதான். ஆனால் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டியதில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி இருந்ததும் உண்மை. அதை உங்களிடம் மட்டும் சொன்னேன். "அப்ப ஆட்டுக்கு முன்னால நின்னு வாசி. அதுக சிரிக்காது" என்றீர்கள்.

நீங்கள் வி.கே.புரத்திலிருந்து வந்தவர். மில்லில் வயர்மேன் வேலை பார்த்தவரின் மகள். எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கிரைண்டரைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு, "மாமா, இந்த வீட்டுக்கு எர்த் எங்கன இருக்கு?" என்று கேட்டீர்கள். புது மருமகள் கேட்கிற முதல் கேள்வியா இது என்று அப்பா என்னைப் பார்த்தார். "அது எங்கன கெடக்கோ. வீடு கட்டும்போது போட்டது" என்றார். நீங்களே தேடிப் போய், கொல்லையில் எருக்குவியலுக்கு அடியில் அந்தக் குழியைக் கண்டுபிடித்தீர்கள். உள்ளே உப்பும் கரியும் காய்ந்து பொருக்காகக் கிடந்தன. ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, "பாவம், எத்தன வருசமா தாகத்துல கெடந்துச்சோ" என்றீர்கள். அதன் பிறகு கிரைண்டர் யாரையும் கடிக்கவில்லை. சின்ன வயதில் கோடை லீவு முழுக்க உங்களுக்கு அதுதான் வேலையாம். காலையில் பல் தேய்த்ததும் வீட்டுக்குப் பின்னால் எர்த் குழிக்கு ஒரு குடம் ஊற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் காப்பி.

அந்த வருடம் மாசியில் அண்ணன் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்டுப் பண்ணை வேலையை விட்டுவிட்டு வந்தான். பண்ணையை மூடும்போது முதலாளி கொடுத்தது என்று இந்த வலையையும், பேட்டரியில் ஓடுகிற ஒரு பெட்டியையும் கொண்டுவந்தான். கம்பி இழை பின்னிய வெள்ளை வலை. ஊன்ற ஊன்ற நிற்கிற கம்புகள். எங்கே வேண்டுமானாலும் பெயர்த்துக்கொண்டு போகலாம். பெட்டியை முடுக்கினால் சுவர்க் கடிகாரம் மாதிரி 'டிக், டிக்' என்று அடிக்கும். ஒவ்வொரு டிக்குக்கும் வலையில் ஓர் அடி ஓடும். எங்களுக்கு அது பெரிய காரியம். அறுவடை முடிந்த வயல்களில் இரவு ஆடுகளை அடைத்துக் கிடை போட்டால் ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரம், எங்களுக்குப் பிழைப்பு. ஆனால் கிடையைக் காவல் காக்க அப்பாவின் கால் இடம் கொடுக்கவில்லை. நாய்கள் வேறு கூட்டமாகத் திரிய ஆரம்பித்திருந்தன.

முதல் நாள் ஊருக்கு வெளியே புறம்போக்கில் வலையைக் கட்டிப் பார்த்தோம். பெட்டி டிக் டிக் என்றது. ஒரு கிழட்டுப் பெட்டை ஆடு நேராகப் போய் வலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அசை போட்டது. அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நல்ல சாய்மானம் வாங்கியாந்திருக்கான் எம் மகன்!" அன்றிலிருந்து அந்த ஆட்டுக்குச் சாய்மானக்காரி என்று பெயர்.

நீங்கள் சிரிக்கவில்லை. நேராக எர்த் கம்பியிடம் போனீர்கள். "ஒரு சாண் கம்பிய அடிச்சு வச்சிருக்காவ ஒங்கண்ணன். இது எர்த்தா, ஆட்டுக்குட்டி கட்டுத முளையா?" அண்ணன் முறைத்தான். மறுநாள் அம்பாசமுத்திரத்தில் இரும்புக் கடையில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி வாங்கி வந்தீர்கள். நான் பிடித்துக்கொள்ள நீங்கள் சம்மட்டியால் அடித்தீர்கள். என் கையை நசுக்கிவிடுவீர்களோ என்று ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடினேன்.

"ஏட்டி, கண்ண மூடுனா வலிக்காதா? தொறந்து பாரு" என்றீர்கள். அடித்துக்கொண்டே சொன்னீர்கள்: பெட்டியிலிருந்து கிளம்புகிற கரண்டு வலை வழியாகப் போகும். நாயோ ஆடோ மூக்கை வைத்தால் அதன் உடம்பு வழியாகக் காலுக்கு இறங்கி, மண்ணுக்குள் போய், இந்தக் கம்பி வழியாகத்தான் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். மண் காய்ந்து கிடந்தால் வர வழி இல்லை. வர வழி இல்லாவிட்டால் கரண்டு கிளம்பவே கிளம்பாது.

"என்ன மாதிரிதாம்டி. வி.கே.புரத்துக்குத் திரும்பிப் போக பஸ் இருக்குன்னு தெரிஞ்சதுனாலதான் ஒங்கண்ணனக் கெட்டிக்கிட்டு இங்கன நிம்மதியா இருக்கேன். பஸ் இல்லாத ஊருன்னா காலெடுத்தே வச்சிருக்க மாட்டேன்."

சாயங்காலம் வலை கட்டி முடித்ததும் நீங்கள் எர்த் கம்பிக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டு அங்கேயே நிற்பீர்கள். நான் எதிர்ப் பக்கத்தில் நீளமான பச்சைப் புல் ஒன்றைக் கிள்ளி, அதன் நுனியை வலைக் கம்பியில் வைத்து, பைய பைய விரலை முன்னால் நகர்த்துவேன். முதலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். இன்னும் நகர்த்தினால் முழங்கைவரை சுள்ளென்று ஏறும். நீங்கள் அங்கிருந்து கத்துவீர்கள்.

"அடிக்குதாட்டி?"

நான் கையைத் தூக்கிக் காட்டுவேன்.

"வாயத் தொறந்து சொல்லுட்டி! கைய ஆட்டுனா காக்கா வெரட்டுதியா, கரண்டு வருதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் மறுபடியும் கையைத்தான் ஆட்டுவேன். அடுத்த வயலில் ஆள் இருப்பார்கள். என் குரல் அவர்களுக்குக் கேட்குமே என்றிருக்கும். தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். ஒரு நாளும் நான் கத்தியதில்லை.

சித்திரையில் கால்வாய்க்கரை வயலில் கிடை போட ஏற்பாடானது. அந்த வயல்கார அண்ணாச்சி தபால் ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வலையைப் பார்த்ததும் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"வே, கரண்டு வேலிய எம் வயல்ல போடப்படாது. சொல்லிட்டேன். மலையடிவாரத்துல பன்னிக்கு வச்ச கம்பில ஆளு கருகுன கதை உமக்குத் தெரியாதாவே?"

அப்பா தலையைச் சொறிந்தார். நீங்கள்தான் பேசினீர்கள்.

"அது வேற அண்ணாச்சி. அது போஸ்ட்டுல இருந்து நேரா இழுக்கது. பிடிச்சா விடாது. இது பேட்டரி. ஒரு தட்டு தட்டிட்டு விட்டுரும். வாத்தியார் குட்டு மாதிரி."

"நீ சொல்லிட்டுப் போயிருவ. ஆளு செத்தா போலீசு எங்கிட்டல்லா வரும்?"

"நாளைக்குக் காலைல வாங்க. ஒங்க கண்ணு முன்னால நான் கைய வைக்கேன். செத்துட்டேன்னா கெடை வேண்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் இரண்டு நாளைக்கு முன்னால் துணி துவைக்கும்போது நீங்கள் என் காதில் சொல்லியிருந்தீர்கள். "நாள் தள்ளிப் போயிருக்குட்டி. ஒங்கண்ணன்ட்டகூட சொல்லல. மொதல்ல எங்கம்மைட்ட சொல்லணும். ஒன்ட்ட சொன்னா கெணத்துல போட்ட மாதிரி, அதான் சொல்லுதேன்." அந்த இரண்டு நாளும் வலைக் கம்பியைத் தொட உங்களை நான் விடவில்லை. அந்த அடி எனக்குத் தெரியும். முழங்கைவரை ஏறுவது உங்களுக்கு வயிறுவரை ஏறாது என்று யார் கண்டது? உங்களிடம் கேட்டிருக்கலாம். அண்ணாச்சி முன்னால் போய் நானே கை வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை ஆண்கள் நிற்கிற இடத்தில் அது என்னால் முடியாது. என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன்.

காட்டுவதற்காக அன்று சாயங்காலமே அங்கே வலையைக் கட்டிவைத்தோம். மறுநாள் காலை எல்லாரும் வருவதற்கு முன்னால் கால்வாய்ப் பக்கம் போய், பெட்டியின் வயரோடு எர்த் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்த முதலைக் கிளிப்பைக் கழற்றி, புல்லுக்குள் போட்டேன். பெட்டி எப்போதும்போல டிக் டிக் என்றது.

அண்ணாச்சியும் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரும் வரப்பில் வரிசையாக நின்றார்கள். நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லி உள்ளங்கையை அப்படியே வலைக் கம்பியில் வைத்தீர்கள்.

ஒரு வினாடி உங்கள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த டிக்கும் போனது. உங்கள் கண் மெதுவாகத் திரும்பி, கால்வாய் ஓரத்தில் நின்ற என்மேல் வந்து நின்றது. அப்புறம் "யம்மாடீ!" என்று அலறிக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் குதித்தீர்கள். பயத்தில் பக்கத்து வயல்காரர் ஒருவர் வரப்பிலிருந்து சறுக்கி வயலுக்குள் விழுந்தார்.

"பாத்தியளா? உசுரோடதான இருக்கேன்?" என்று கையை உதறிக் காட்டினீர்கள். எவ்வளவு அழகாக நடித்தீர்கள்!

அத்தோடு முடிந்திருக்கும். அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க, நானும் ஒரு கை பாக்கேன்" என்று குடையை மடக்கிக் கொடுத்துவிட்டு விரலை நீட்டினார். தொட்டார். இன்னொரு முறை தொட்டார்.

"ஒண்ணையும் காணுமே தாயி?"

"கால்ல ரப்பர் செருப்புல்லா போட்டிருக்கிய அண்ணாச்சி! அது எப்படி அடிக்கும்? கழத்திட்டு வைங்க."

அண்ணாச்சி தன் செருப்பைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். "வேண்டாம், இருக்கட்டும். சுகர் வேற இருக்கு" என்று குடையை வாங்கிக்கொண்டார். "போட்டுக்கிடுங்க. ஆனா எர்த்துக்கு உப்புக் கிப்புன்னு எம் மண்ணுல ஒண்ணும் கொட்டப்படாது."

"கால்வாய்க்குள்ளதான் அடிச்சிருக்கோம். அது கெவுருமெண்டு மண்ணு" என்றீர்கள்.

அன்று நீங்கள் அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்காகப் புறப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கால்வாய்க் கரை வழியாக வேகமாக வந்தவர், என்னைத் தாண்டும்போது முழங்கைக்கு மேலே நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் அப்பா நின்றார். போகிற வழியில்தான் எர்த் கம்பி இருந்தது. புரிந்துகொண்டீர்கள், போகிறபோக்கில் நீங்களே மாட்டிவிட்டுப் போவீர்கள் என்று நான் நினைத்தேன். கிள்ளியது செல்லத்துக்கு என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆடுகளை வலைக்குள் அடைத்தோம். டிக் டிக் என்றது பெட்டி. கேட்க நீங்கள் இல்லாததால் நான் புல்லும் கிள்ளவில்லை. அப்பா பம்ப்செட் அறைத் திண்டில் படுக்கப் போகும்போது கேட்டார். "எல்லாம் சரியா இருக்காட்டி?"

தலையை ஆட்டினேன். பத்து எட்டு நடந்திருந்தால் எர்த் கம்பியைப் பார்த்திருக்கலாம், மதினி. பத்து எட்டு.

விடிந்து நான் போனபோது அப்பா வயலின் நடுவில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு ஆடுகள் கிடந்தன. நாய்கள் தின்பதற்காகக் கடிக்கவில்லை. கடிக்க முடிந்ததால் கடித்திருந்தன. சாய்மானக்காரி வலையை ஒட்டிக் கிடந்தது, எப்போதும் சாய்ந்திருக்கிற மாதிரியே. பெட்டி மட்டும் அப்போதும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

முதல் பஸ்ஸில் நீங்கள் திரும்பி வந்தீர்கள். உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய பலகாரப் பை கையில் இருந்தது. எல்லாரிடமும் சொல்வதற்காக முகத்தை முழுவதும் சிரிப்பாக வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தது இப்போதும் கண்ணில் இருக்கிறது. பாதி வரப்பில் நின்றுவிட்டீர்கள்.

"வாம்மா, வா. மில்லுக்காரன் மக கரண்ட நம்பி எங் கெடை போச்சு!" என்று அப்பா கத்தினார்.

நீங்கள் பையை வரப்பில் வைத்துவிட்டு நேராகக் கால்வாய்க்குப் போனீர்கள். புல்லுக்குள் கிடந்த கிளிப்பைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறந்தேன். அது சத்தியம். வாய் திறந்தது, சத்தம்தான் வரவில்லை.

"நாந்தான் மாமா" என்றீர்கள். "நேத்து பஸ்ஸுக்கு ஓடுன ஓட்டத்துல எர்த்த மாட்ட மறந்துட்டேன்."

அப்பா ஏசிய ஏச்சையெல்லாம் எழுதமாட்டேன். நீங்களும் சும்மா இருக்கவில்லை. "ஆமா, கெடையப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒறங்குனவிய ஒருத்தரும் இல்ல பாருங்க" என்று ஒன்று போட்டீர்கள். அண்ணன்தான் நடுவில் வந்து நிறுத்தினான். குழந்தை உண்டாகியிருக்கும் சேதி அன்று அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் வெளியே வந்தது. பலகாரப் பையில் எறும்பு ஏறிவிட்டிருந்தது.

மத்தியானம் துவைக்கிற கல்லில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"மதினி, நான்..."

"தெரியும்டி. மாட்டுன்னுதான கிள்ளுனேன்."

"செல்லமா கிள்ளுனீங்கன்னு நெனச்சேன்."

"ஒனக்கு இனி எதையும் வாயால சொல்லணும் போலுக்கு. ஒன்னால நானும் ஊமையாகிட்டேன் பாரு" என்றீர்கள். ஏன் கழற்றினேன் என்று சொன்னேன். சிரிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஈரக் கையால் என் தலையைப் பிடித்து உங்கள் தோளில் சாய்த்துக்கொண்டீர்கள். சோப்பு நுரை என் காதில் ஒழுகியது.

"அப்ப எதுக்கு ஒங்க பேர்ல போட்டுக்கிட்டீங்க?"

"ஒன்ன ஏசுனா நீ இருக்க கொஞ்சப் பேச்சையும் முழுங்கிருவ. என்ன ஏசுனா நான் திருப்பி ஏசுவேன். யாருக்கு நட்டம்?" கொஞ்ச நேரம் துணியை அலசினீர்கள். "நீயே ஒரு நா மாமாட்ட சொல்லு. சொல்லணும்னு தோணும்போது சொன்னா போதும். அது வரைக்கும் எம் பேர்ல கெடக்கட்டும்."

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். வளைகாப்பு முடியட்டும் என்று இருந்தேன். ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டபோது பஸ் ஜன்னலில் இருந்து தலையை நீட்டி, "ஏட்டி, கொல்லையில எர்த்துக்குத் தண்ணி ஊத்து, மறந்துராத!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினீர்கள். நான் கையை ஆட்டினேன். புள்ளையோடு திரும்பி வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

புள்ளை மட்டும் வந்தாள். பிரசவம் நல்லபடியாக ஆனது. ஒன்பதாம் நாள் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அந்தப் பஸ்ஸில் நீங்கள் திரும்பவே இல்லை.

சாவு வீட்டில் ஒரு பொம்பளை சொன்னாள். "கரண்டத் தொட்ட ஒடம்பு. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் தொட்டால்லா? ரத்தம் கெட்டுப் போயிருக்கும்." அப்பா அதைக் கேட்டார். தலை குனிந்துகொண்டார். மறுநாள் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டவர், அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. போன கோடை முழுக்க நொண்டிக்கொண்டே வயலில் காவலுக்குப் படுத்தார். அன்று உங்கள்மேல் கரண்டு படவே இல்லை என்று தெரிந்த நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை தூங்குகிறாள், பேசினால் எழுந்துவிடுவாள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் அப்போது விழித்துத்தான் இருந்தாள்.

இந்த வருடம் நாய் இன்னும் அதிகம். அப்பாவால் இனி முடியாது என்று அண்ணன்தான் பிடிவாதமாக வலையை இறக்கினான். நேற்று சாயங்காலம் அதே கால்வாய்க்கரை வயல். கால்வாயில் தண்ணீர் நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் அடியில் சேறு ஈரமாக இருக்கிறது. நீங்கள் அடித்த அதே எர்த் கம்பியை நானே பிடித்து நானே அடித்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் அடித்தேன். வரப்பில் அப்பாவும் அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மகள் அண்ணாச்சியின் குடையைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வயலின் அந்தக் கோடியில் பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தான். நான் குடத்தோடு நின்றேன்.

"இந்தத் தடவையாவது எர்த்த மாட்டுதாவளான்னு பாக்கணும் அண்ணாச்சி" என்றார் அப்பா. "போன தடவ எம் மருமவ..."

"அவிய மறக்கல."

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பா திரும்பினார்.

"என்னட்டி?"

"மதினி மறக்கலப்பா. கிளிப்பக் கழத்துனது நான். வயித்துல புள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும். ஷாக் அடிச்சா புள்ளைக்கு ஆகாதுன்னு, நீங்க எல்லாரும் வாரதுக்கு முன்னால கழத்திட்டேன். பொறவு மாட்டல. நீங்க கேட்டப்ப சரியா இருக்குன்னு தலைய ஆட்டுனேன். ஏழு ஆடும் என்னாலதான் போச்சு. அவிய தொட்டப்ப கம்பில கரண்டே இல்ல. சும்மா குதிச்சாவ."

"நான் தொட்டப்ப?" என்றார் அண்ணாச்சி.

"அப்பவும் இல்ல."

"அப்ப செருப்பு?"

"அது ஒங்கள அனுப்பதுக்குச் சொன்னது."

"அடப் பாவி மவளே! ரெண்டு வருசமா, செருப்பு போட்டதுனாலதான் நான் தப்பிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதேன்" என்று சிரிக்க ஆரம்பித்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அப்பா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவளுக்கு ஷாக்கே அடிக்கலியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"ஒரு தட்டுகூட?"

"ஒண்ணுகூட இல்லப்பா."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கிடை போடச் சம்மதித்துத் தான்தான் உங்களைக் கொன்றுவிட்டோம் என்று இத்தனை நாளும் அந்தத் துண்டுக்குள்ளேயே அவர் இருந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. ஏழு ஆடுகளின் கணக்குதான் அவர் மனதில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். மறதிக்காரி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்ததெல்லாம் மற்றதைச் சொல்லாமல் இருப்பதற்காக. எங்கள் வீட்டில் வாய் திறக்காதவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை போல.

அப்பா கம்பை ஊன்றி எழுந்தார். பைய கால்வாய்க்குள் இறங்கினார். என் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி எர்த் கம்பியைச் சுற்றி ஊற்றினார். பாதி அவர் காலில் கொட்டியது. தெறித்த தண்ணீர் சூடாகக் கிடந்த கரை மண்ணில் பட்டு வாசனை எழுந்தது. "போதுமாட்டி?" என்று கேட்டார். கரண்டு சாமானைக் கையால் தொடமாட்டேன் என்றவர், கிளிப்பை எடுத்து அவரே கம்பியில் மாட்டிவிட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தார். மேலே ஏறும்போது பேத்தியைத் தூக்கிக்கொண்டார். அந்த விஷயமாக இன்றைக்கும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் அவள் "ம்மை" என்றபோது மறதிக்காரி கதை வரவில்லை. "ஒங்கம்மை ஒரு தபால்காரரையே ஏமாத்துனவ" என்று ஆரம்பித்தார்.

அண்ணனிடம் இனிமேல்தான் நான் சொல்ல வேண்டும். அப்பா சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிடமாட்டேன். இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது சொல்வேன்.

நேற்று அப்பா மேலே ஏறியதும் அண்ணன் அந்தக் கோடியில் பெட்டியை முடுக்கினான். டிக் என்றது. உங்கள் மகளும் "டிக்" என்றாள். நான் புல் கிள்ளவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் விரலை வலைக் கம்பியில் வைத்தேன். முழங்கைவரை ஏறியது, தோள்வரை ஏறியது. தொடாமல் ஒரு நாளும் இனி கிடையை விட்டு வரமாட்டேன், மதினி.

"அடிக்குதாட்டி?" என்று அண்ணன் கத்தினான். உங்களிடம் கேட்டுக் கேட்டு அவனுக்கும் அப்படியே வந்திருக்கிறது.

பழக்கத்தில் கை மேலே போனது. இறக்கிக்கொண்டேன்.

"அடிக்குது!" என்று கத்தினேன். அண்ணனுக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவையில்லை.